எட்டாத தாழ்ப்பாள்: அச்சத்தைக் கட்டும் சிறுகதைக் கலை

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதி 1902-இல் வெளியான 'குரங்கின் பாதம்' என்ற ஆங்கிலச் சிறுகதையின் இறுதியில், இரவில் வந்து கதவைத் தட்டும் உருவத்தை யாருமே பார்ப்பதில்லை. தாயும் பார்ப்பதில்லை, தந்தையும் பார்ப்பதில்லை, வாசகருக்கும் அது காட்டப்படுவதில்லை. அப்படியிருந்தும் அந்தக் கதை நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக வாசகரை அஞ்சவைத்துக்கொண்டிருக்கிறது. காட்டாமல் விட்டதனால்தான் அஞ்சுகிறோம் என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் பாதியளவே சரியானது. காட்டாமல் விடுவது எளிது. எழுதப் பழகாதவரும் அதைச் செய்துவிடலாம். காட்டாமல் விட்ட ஒன்றைச் சுற்றியிருக்கும் மற்ற யாவும், தொகையும் தொலைவும் நாள்கணக்கும் தாழ்ப்பாளின் உயரமும் உட்பட, அளவெடுத்து வைத்தாற்போல் துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் மறு பாதி. விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் நடுவிலிருக்கும் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும். பேர்பெற்ற அச்சக் கதைகள் பலவற்றை இந்தக் கண்ணோடு படித்தால், அவற்றை எழுதியவர்கள் கற்பனையில் எவ்வளவு தாராளமாக இருந்தார்களோ அவ்வளவு கண்டிப்பாகக் கணக்கிலும் இருந்தார்கள் என்பது புலப்படும்.

இந்தக் கணக்கில் முதலாவது நீளம். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-இல் நத்தானியல் ஹாதார்னின் கதைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில், அரை மணி முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க கதையால் மட்டுமே முழுமையான ஒற்றை உணர்வு விளைவை உண்டாக்க முடியும் என்று வாதிட்டார். நாவலைப் படிப்பவர் இடையில் எழுந்து போகிறார், உலக அலுவல்கள் குறுக்கிடுகின்றன, எழுத்தாளர் கட்டியெழுப்பியது கலைந்துபோகிறது என்பது அவருடைய வாதம். எல்லாவகைக் கதைகளுக்கும் இது பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அச்சத்துக்கு இது பெரிதும் பொருந்துகிறது. சோகம் மறுநாளும் நெஞ்சில் தங்கும், நகைச்சுவையை நினைத்து நினைத்துச் சிரிக்கலாம்; அச்சமோ விளக்கைப் போட்டதும் போய்விடக்கூடியது. ஆகவே, தொடங்கிய இடத்திலிருந்து முடிக்கும் இடம்வரை வாசகரின் கை நழுவாதபடி பிடித்துக்கொள்ளும் வடிவமாகச் சிறுகதை அமைந்தது.

'குரங்கின் பாத'த்துக்கே திரும்புவோம், ஏனெனில் இக்கலையின் நுட்பங்கள் பெரும்பாலானவை அந்த ஒரு கதைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. ஜேக்கப்ஸ் லண்டன் துறைமுகப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். கப்பல்காரர்களையும் துறைமுகத் தொழிலாளர்களையும் வைத்து நகைச்சுவைக் கதைகள் எழுதியே புகழ்பெற்றவர். அந்த நகைச்சுவைப் பழக்கம் இக்கதையின் முதல் பகுதிக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. மழையும் குளிருமான இரவு, மூடிய திரைச்சீலைகள், எரியும் கணப்பு, சதுரங்கம் ஆடும் தந்தையும் மகனும், அருகில் பின்னல்வேலை செய்யும் தாய். தந்தை தேவையே இல்லாமல் தம் ராஜாவை ஆபத்தான கட்டங்களுக்கு நகர்த்துகிறார். தோற்கப்போவது தெரிந்ததும் காற்றைப் பற்றியும் சாலையின் மோசமான நிலையைப் பற்றியும் பேசி மகனின் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறார். முதல்முறை படிக்கும்போது இது ஒரு நல்ல குடும்பத்தின் சிறு வேடிக்கையாகத்தான் படுகிறது. காரணமின்றி ஆபத்தை வலிய இழுத்துக்கொள்ளும் இந்த மனிதரின் இயல்புதான் அடுத்துவரும் எல்லாவற்றையும் நிகழ்த்தப்போகிறது என்பதை எந்த அறிவிப்பும் இல்லாமல் சதுரங்கப் பலகையின்மீதே ஜேக்கப்ஸ் எழுதி வைத்துவிடுகிறார்.

விருந்தாளியாக வரும் சார்ஜென்ட் மேஜர் மோரிஸ் இந்தியாவில் இருபத்தொரு ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர். அவர் கொண்டுவந்த உலர்ந்த குரங்குப் பாதத்தின்மீது ஒரு பக்கிரி மந்திரம் ஏற்றிவைத்திருக்கிறார். மூன்று பேர் ஆளுக்கு மூன்று வரம் கேட்கலாம். இந்தியாவை மாயங்களின் இருப்பிடமாகப் பாவித்த அக்கால ஆங்கிலேயப் பார்வை இதில் அப்பட்டமாகத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொழில்நுட்பமாகக் கவனிக்கவேண்டியது வேறொன்று. முதலில் அதை வைத்திருந்தவனின் முதல் இரண்டு வரங்கள் என்னவென்று மோரிஸுக்குத் தெரியாது. மூன்றாவது வரமாக அவன் சாவைக் கேட்டான் என்பது மட்டும் தெரியும். மோரிஸும் தம் மூன்று வரங்களைக் கேட்டு முடித்தவர்தான். என்ன கேட்டார் என்று அவர் சொல்வதில்லை; அவர் முகம் வெளுக்கிறது, மதுக்கோப்பை பல்லில் பட்டு ஒலிக்கிறது. ஒரு மனிதன் சாவைக் கேட்கும் நிலைக்கு அவனைக் கொண்டுசென்ற இரண்டு வரங்கள் எவையாக இருந்திருக்கும் என்ற கேள்வியைக் கதை ஒருமுறை எழுப்பிவிட்டு, அதன்பின் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

பாதத்தை வாங்கிக்கொண்ட தந்தை முதல் வரமாகக் கேட்கும் தொகை இருநூறு பவுண்டு. வீட்டுக் கடனை அடைக்கப் போதுமானது. பேராசை என்று யாரும் குறைசொல்ல முடியாத அளவு. மறுநாள் மகன் ஹெர்பர்ட் வேலைசெய்யும் ஆலையிலிருந்து நல்ல உடை அணிந்த ஒருவர் வந்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாயிலில் மூன்றுமுறை தயங்கி நிற்கிறார். ஹெர்பர்ட்டுக்குப் பலத்த அடி, ஆனால் இப்போது வலி ஏதும் இல்லை என்கிறார். தாய் கடவுளுக்கு நன்றி சொல்லத் தொடங்கி, சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வாக்கியத்தின் மறுபொருளை உணர்கிறாள். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனான். நிறுவனம் இழப்பீடாகத் தரும் தொகை இருநூறு பவுண்டு. இந்த ஒரு தொகைதான் கதையின் அச்சாணி. நூற்றைம்பது என்றோ முந்நூறு என்றோ இருந்திருந்தால் அது வெறும் விபத்து. இருநூறு என்பதாலும்கூட அது மாயம் என்று உறுதியாகிவிடவில்லை. ஆலை விபத்துகள் நடப்பவைதாம், இழப்பீடுகளும் முழுத் தொகைகளாகத்தான் வழங்கப்படுகின்றன. தற்செயல் என்று சொல்லி ஒதுக்க ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசல் வழியாக வெளியேற வாசகரின் மனம் இடம்கொடுப்பதில்லை.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்தவரும், கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களைக் கூட்டித் தாம் எழுதிய பேய்க்கதைகளைப் படித்துக்காட்டும் வழக்கம் கொண்டவருமான எம். ஆர். ஜேம்ஸ் இதை ஒரு விதியாகவே வகுத்திருக்கிறார். 1924-இல் ஒரு தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், பேய்க்கதைக்கு வேண்டியவை சூழலும் படிப்படியாக ஏறும் உச்சமும் என்கிறார். கதைமாந்தர் தத்தம் அன்றாட அலுவல்களில் அமைதியாக இருக்கும்போது தீயது முதலில் மெல்லத் தலைகாட்டி, பிறகு மேலும் துணிந்து, கடைசியில் மேடை முழுவதையும் தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. இயற்கையான விளக்கத்துக்கு ஒரு சிறு துளை விட்டுவைக்கலாம், ஆனால் அந்தத் துளை யாரும் நுழைந்துபோக முடியாத அளவுக்குக் குறுகியதாக இருக்கட்டும் என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். இருநூறு பவுண்டு அப்படிப்பட்ட துளை. ஜேம்ஸின் சொந்தக் கதைகளில், 1904-இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள, பழைய விசில் ஒன்றைப் பற்றிய கதையில், கடற்கரை விடுதியில் தங்கும் பேராசிரியருக்குக் கிடைப்பது இரண்டு படுக்கைகள் கொண்ட அறை. தொடக்கத்திலேயே அது ஒரு சிறு வசதிக்குறைவாகப் பேச்சுவாக்கில் சொல்லப்பட்டுவிடுகிறது. காலியாகக் கிடக்கும் அந்த இரண்டாவது படுக்கையில் யார் எழுந்து உட்காரப்போகிறார் என்பதை வாசகர் அறியாமலேயே காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்.

ஜேக்கப்ஸின் கதையில் மூன்றாவது பகுதிதான் இக்கலையின் உச்சம். புதைத்துவிட்டுத் திரும்பிய பெற்றோர், வீட்டிலிருந்து சுமார் இரண்டு மைல் தொலைவில் உள்ள மயானம், ஒரு வாரத்துக்குப் பின் ஓரிரவு தாய்க்குத் திடீரெனத் தோன்றும் எண்ணம்: வரத்தில் ஒன்றைத்தானே கேட்டிருக்கிறோம், மகனை உயிரோடு திரும்பக் கேட்கலாமே. தந்தை தடுக்கப் பார்க்கிறார். மகன் இறந்து பத்து நாள் ஆகிறது, அதுமட்டுமல்ல, உடையை வைத்துத்தான் அவனை அடையாளம் காண முடிந்தது என்கிறார். இயந்திரம் அந்த உடலை என்ன செய்தது என்பதைப் பற்றிக் கதை இதற்குமேல் ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. காயங்களின் வருணனை இல்லை. காயங்களை வருணித்திருந்தால் அருவருப்பு உண்டாகியிருக்கும், அருவருப்புக்கு ஓர் எல்லை உண்டு. உடையைத் தவிர வேறு அடையாளம் எஞ்சவில்லை என்ற செய்தியோ எந்த எல்லையையும் வகுப்பதில்லை.

வரம் கேட்கப்பட்டபின் எதுவும் நடப்பதில்லை. மெழுகுவர்த்தி எரிந்து அணைகிறது, தந்தை நிம்மதிப் பெருமூச்சோடு படுக்கைக்குத் திரும்புகிறார். பிறகு ஒரு தட்டல், கேட்டதா இல்லையா என்று ஐயுறும்படி மெலிதாக. எலி என்கிறார் தந்தை. தட்டல் மீண்டும் கேட்க, ஏன் இவ்வளவு நேரமாயிற்று என்பது தாய்க்குச் சட்டென விளங்குகிறது: மயானம் இரண்டு மைல் தொலைவு என்பதை மறந்துவிட்டேன் என்கிறாள். அச்சக் கதைகளில் இதற்கு இணையான வரியை நான் அதிகம் படித்ததில்லை. தொலைவும் நேரமும் பற்றிய ஓர் எளிய கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கு, இருளில் தெருத்தெருவாக நடந்துவந்த ஒன்றை, அதன் நடை எப்படியிருந்திருக்கும் என்பதை, நம்மையே கற்பனை செய்ய வைத்துவிடுகிறது.

தாய் கீழே ஓடுகிறாள். சங்கிலி கழல்கிறது, கீழ்த் தாழ்ப்பாள் அசைகிறது, மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போடும் ஓசை கேட்கிறது. மாடியில் தந்தை தரையில் தவழ்ந்து குரங்குப் பாதத்தை இருட்டில் தேடுகிறார். இப்போது கதையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்றின் அளவு தாழ்ப்பாள், மற்றொன்றின் அளவு தரையில் துழாவும் கை. தாய் திறக்க வேண்டும் என்றும் திறக்கக்கூடாது என்றும் வாசகர் ஒரே நேரத்தில் விரும்புகிறார். எதிர்பார்ப்பின் இறுக்கம் என்று சொல்லப்படுவது இந்த இரட்டை விருப்பம்தான். என்ன நடக்கும் என்ற ஆவலால் மட்டும் இந்த இறுக்கம் பிறப்பதில்லை. தந்தை தம் மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். என்ன கேட்டார் என்பது எழுதப்படவில்லை. தட்டல் நிற்கிறது, அவ்வளவே.

போவின் முறை வேறு. அவருக்கு வீடும் ஊரும் கணப்பும் தேவையில்லை. 1843-இல் வெளியான 'காட்டிக்கொடுத்த இதயம்' கதையில் கொலைகாரனுக்குப் பெயரில்லை, அவன் கொல்லும் கிழவருக்குப் பெயரில்லை, ஊர் எதுவென்றும் தெரியாது, இருவருக்கும் என்ன உறவு என்பதும் சொல்லப்படவில்லை. துல்லியம் முழுவதும் நேரத்தில் குவிக்கப்பட்டிருக்கிறது. ஏழு இரவுகள், ஒவ்வொரு நள்ளிரவும், கதவிடுக்கில் தலையை மட்டும் நுழைக்க ஒரு மணி நேரம். எட்டாவது இரவில் கடிகாரத்தின் நிமிடமுள்கூடத் தன் கையைவிட வேகமாக நகர்ந்தது என்கிறான் கதைசொல்லி. கிழவர் விழித்துக்கொண்டபின் ஒரு மணி நேரம் இருவரும் அசையாமல் இருக்கிறார்கள். கதையில் நிகழும் செயல் மிகக் குறைவு; அந்தச் செயலுக்கு முந்தைய நேரம் வேண்டுமென்றே நீட்டப்பட்டிருக்கிறது. தான் பைத்தியமில்லை என்பதற்குச் சான்றாகவே அவன் இந்தப் பொறுமையையும் கவனத்தையும் எடுத்துக்காட்டுகிறான் என்பதுதான் இதில் குரூரமானது. ஒவ்வொரு சான்றும் எதிர்த்தரப்புச் சாட்சியாக மாறுகிறது. பிணத்தை மறைத்த தரைப்பலகையின் அடியிலிருந்து கேட்கும் இதயத் துடிப்பு இறந்தவருடையதா, அவனுடையதேதானா, அல்லது எங்குமே இல்லாததா என்பதைப் போ தீர்த்துவைக்கவில்லை. பேய் ஒன்று வந்திருந்தால் கதை சிறியதாகிப்போயிருக்கும்.

கதைசொல்லி நம்பத்தகாதவனாக இருப்பதில் இன்னொரு பயன் உண்டு. அவனை நம்பாமல் இருக்கலாம் என்ற உரிமையை வாசகருக்குக் கொடுத்துவிட்டு, அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாதபடி செய்வது. தாகூர் 1895-இல் எழுதிய, பசித்த கற்களைப் பற்றிய கதையில், ரயில் சந்திப்பில் வண்டிக்காகக் காத்திருக்கும் பயணிகளிடம் ஒரு முன்பின் தெரியாத மனிதர் தம் அனுபவத்தைச் சொல்கிறார்: பருத்தி வரி வசூலிக்கும் வேலையில் இருந்தபோது பாழடைந்த பளிங்கு அரண்மனையில் தங்கியது, இரவுதோறும் அங்கு உயிர்பெறும் பழைய காலம், எல்லாம் பொய் என்று விடியற்காலையில் கத்திக்கொண்டு சுற்றும் பித்தன் மெஹர் அலி. அரண்மனையின் மர்மத்தை விளக்கக்கூடிய பாரசீக அடிமைப் பெண்ணின் வரலாறு தொடங்கும் வேளையில் வண்டி வந்துவிடுகிறது. சொன்னவர் வேறு பெட்டியில் ஏறிப் போய்விடுகிறார். கதையைக் கேட்டவர் இது முழுக்கக் கட்டுக்கதை என்கிறார். உடனிருந்த தியோசபிஸ்டு (பிரம்மஞான சபைக்காரர்) உறவினரோ அதை ஏற்பதில்லை. அந்த வாக்குவாதத்தில் இருவருக்கும் வாழ்நாள் பிரிவே வந்துவிடுகிறது. விளக்கத்தைத் தடுத்தது ஒரு ரயில் கால அட்டவணை என்பது தாகூரின் குறும்பு.

தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இந்த உரிமையோடு இன்னும் துணிச்சலாக விளையாடுகிறது. அதன் கதைசொல்லி ஓர் எழுத்தாளர். பொய் புனைந்து பிழைப்பவன் என்று தன்னைப்பற்றித் தானே ஒப்புக்கொள்கிறார். பொய் சொல்வதே தொழில் என்று சொன்ன ஒருவர் தூக்கமற்ற இரவையும், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத நாற்றத்தையும், வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்ட, காஞ்சனை என்ற பிச்சைக்காரியையும் பற்றிச் சொல்லும்போது அதை எப்படி எடுத்துக்கொள்வது? அந்தப் பெண்ணின் கால் தரையில் படவில்லையோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றுகிறது. மறுபடி பார்க்கும்போது கால் தரையில்தான் இருக்கிறது. பேயின் கால் தரையில் பாவாது என்பதைத் தமிழ் வாசகர் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர். ஆகவே எழுத்தாளர் விளக்கவேண்டியது ஒன்றுமில்லை, ஒரு பார்வை போதும். வெள்ளைச் சேலையையும் கொலுசொலியையும் பத்தி பத்தியாக அடுக்கும் இன்றைய பேய்க்கதைகள் பல இந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் மனைவியோ காஞ்சனையோடு இயல்பாகப் பழகுகிறாள். ஒரே வீட்டில் ஒருவருக்கு அச்சமும் மற்றவருக்கு அன்றாடமும் இருப்பதுதான் அந்தக் கதையில் எனக்கு மிகவும் கலக்கமூட்டுவது.

பேயோ மாயமோ எதுவுமே இல்லாமலும் இது கைகூடும் என்பதை அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் 'குலுக்கல்' காட்டியது. 1948 ஜூன் 26 தேதியிட்ட நியூயார்க்கர் இதழில் அது வெளிவந்தது. கதை நிகழும் நாள் ஜூன் 27. வெயிலடிக்கும் தெளிவான காலை, சுமார் முந்நூறு பேர் வாழும் ஊர், பத்து மணிக்குத் தொடங்கி மதிய உணவுக்கு முன் முடிந்துவிடும் நிகழ்ச்சி. இரண்டாவது பத்தியிலேயே சிறுவர்கள் கல் பொறுக்கிக் குவிக்கிறார்கள். கற்கள் வாசகரின் கண்ணெதிரே கிடக்கின்றன; எதற்கு என்பது மட்டும் இல்லை. கறுப்புப் பெட்டியின் வண்ணம் உரிந்திருப்பது, முன்பு மரச்சில்லுகளை இட்டது இப்போது காகிதச் சீட்டாக மாறியது, சடங்கின் பாடல் எப்படியிருந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லாதது என்று ஒரு உள்ளூர் நிருபரின் நடையில் கதை செல்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததில் நாளையே மறந்துவிட்டுத் தாமதமாக ஓடிவரும் டெஸ்ஸி ஹட்சின்சன் அண்டை வீட்டாரோடு சிரித்துப் பேசுகிறாள். பரிசு என்னவென்று யாரும் சொல்வதில்லை, ஏனெனில் அங்கிருக்கும் எல்லாருக்கும் அது தெரியும். தெரியாதவர் வாசகர் ஒருவரே. சீட்டு டெஸ்ஸிக்கு விழுந்து, அவள்மீது கல்லெறிதல் தொடங்கும்போது அவளுடைய சிறுமகன் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். இதழுக்கு வந்த கடிதங்கள் முந்நூறுக்கும் மேல் என்றும், அவற்றில் பதின்மூன்று மட்டுமே தம்மிடம் கனிவாக இருந்தன என்றும் ஜாக்சன் பின்னாளில் ஓர் உரையில் சொன்னார். இந்தக் குலுக்கல் எங்கே நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்ட கடிதங்களும் அவற்றில் இருந்தன. இடத்தின் பெயரைத் தவிர மற்ற அளவுகள் அனைத்தையும் கொடுத்ததன் விளைவு அது.

முடிவு தெரிந்தபின்னும் இக்கதைகள் ஏன் செயல்படுகின்றன என்பது எஞ்சும் கேள்வி. திடுக்கிடலை மட்டும் நம்பிய கதை ஒருமுறையோடு தீர்ந்துபோகும். போ 1846-இல் எழுதிய, அமோன்டில்யாடோ மதுப் பீப்பாயைப் பற்றிய கதை முதல் வாசிப்பிலேயே முடிவை ஏறக்குறைய ஒப்படைத்துவிடுகிறது: பழிவாங்கப்போவதாக மோன்ட்ரெசார் முதல் வரியிலேயே அறிவிக்கிறான். திருவிழாக் கோலத்தில் குடிபோதையில் நிலவறைக்குள் அவனோடு நடக்கும் ஃபார்ச்சுனாட்டோவுக்கு மட்டும் அது தெரியாது. இருமல் என்னைக் கொல்லாது என்று அவன் சொல்ல, உண்மைதான், உண்மைதான் என்று மோன்ட்ரெசார் ஆமோதிக்கிறான். ஃபார்ச்சுனாட்டோ செய்த அவமானம் என்ன என்பது கதையில் எங்குமே இல்லை. அவனை உயிரோடு வைத்து மூடும் சுவரின் வரிசைகள் மட்டும் பதினொன்று வரை எண்ணிக் காட்டப்படுகின்றன. இரண்டாம் முறை படிப்பவர்தான் வேறொன்றைக் கவனிப்பார். கொலை நடந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. சொல்பவன் முதுமையில் இருக்கிறான். தொடக்கத்தில் அவன் விளித்துப் பேசுவது, தன் ஆன்மாவின் இயல்பை நன்கறிந்த யாரோ ஒருவரை. அது மரணப் படுக்கையருகே அமர்ந்திருக்கும் பாதிரியாராக இருக்கக்கூடும் என்று விமர்சகர் சிலர் வாசித்திருக்கிறார்கள். அப்படியானால் நாம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு பாவமன்னிப்பு. சொன்னவனிடம் வருத்தம் இருந்ததா, அல்லது ஐம்பது ஆண்டு கழித்தும் அவன் அதே பெருமிதத்தோடுதான் சுவரின் வரிசைகளை எண்ணினானா என்பதைத் தீர்மானிக்க, போ கதையில் ஒரு சொல்லும் விட்டுவைக்கவில்லை.